ராமநாதபுரம் கடலைப் பற்றி ஆய்வா? கூகுள் ஸ்காலரை இரண்டாவதாகத் திறவுங்கள்

எங்கள் மாவட்டத்தில் எம்.எஸ்சி. புராஜெக்ட், பிஎச்.டி. என்று இறங்குகிற பலருக்கும் கடல்தான் தலைப்பாக அமைகிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், உப்பு மற்றும் கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் இருக்கின்றன. கைடு தலைப்பைக் கொடுத்துவிட்டு, "முதல்ல லிட்ரேச்சர் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். பார்ப்பது சரி, எங்கே பார்ப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. போனில், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து, முதல் பக்கத்தில் வந்த பத்தையும் இறக்கி, அதையே முந்தைய ஆய்வுகளைச் சொல்லும் இரண்டாம் அத்தியாயமாக எழுதிவிடுகிறார்கள்.

தேடும் வழிகள் ஐந்தாறு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைப் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நான் எடுத்துக்கொள்வது இது: காப்பாபைகஸ் என்ற வளர்ப்புப் பாசி, மன்னார் வளைகுடாவின் பவளத்தின் மேல் படர்ந்து அதைக் கெடுக்கிறதா? பாம்பன், மண்டபம் கரையில் 'பெப்சி பாசி' என்று சொன்னால் சட்டென்று புரியும். 1984இல் உப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசி அது. தொண்ணூறுகளின் நடுவில் மண்டபத்துக்கு வந்தது. 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனம் இறங்கியதும், மூங்கில் மிதவை கட்டி 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கும் தொழிலாகப் பரவியது. நூற்றுக்கணக்கான பெண்களின் வருமானம் ஒரு பக்கம், பவளம் ஒரு பக்கம். இரண்டு தரப்புக்கும் பேப்பர் இருக்கிறது என்பதால் சோதனைக்கு நல்ல கேள்வி.

கூகுள் ஸ்காலர்

2004இல் வந்தது, இலவசம், போனிலும் ஓடும். இதன் உண்மையான பலம் தேடல் பெட்டியில் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் வருகிற 'சைட்டட் பை' இணைப்பில் இருக்கிறது. ஒரு நல்ல பேப்பர் கையில் கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு அதைச் சுட்டி எழுதியவர்கள் எல்லோரையும் அது வரிசையாகக் காட்டும். அதற்குள்ளேயே திரும்பவும் தேடலாம். நம் கேள்விக்கு, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பாசி பவளத்தின் மேல் படர்ந்ததைச் சொல்லும் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இருக்கிறது. அதைப் பிடித்து 'சைட்டட் பை' அழுத்தினால் ஆதரித்தவர், மறுத்தவர் இருவருமே வந்துவிடுகிறார்கள். 'ஆல் வெர்ஷன்ஸ்' என்ற இணைப்பை அழுத்தினால், காசு கேட்கும் கட்டுரைக்கும் பல நேரம் எங்காவது ஓர் இலவசப் பிரதி அகப்படும்.

குறை என்னவென்றால், எந்தெந்த ஜர்னலை எடுக்கிறோம் என்று ஸ்காலர் பட்டியல் வெளியிடுவதில்லை. நல்ல ஜர்னல், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் ஜர்னல், மாநாட்டுச் சுருக்கம், யாரோ ஏற்றிவைத்த அசைன்மென்ட் எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் வரும். ஒரு தேடலுக்கு ஆயிரம் முடிவுக்கு மேல் காட்டாது. அதிகம் சுட்டப்பட்டவை மேலே வந்து உட்கார்ந்துவிடுவதால், போன வருடம் வந்த நல்ல கட்டுரை நாலாவது பக்கத்தில் கிடக்கும். இடது பக்கம் ஆண்டு வடிகட்டி இருக்கிறது. அதைத் தொடாமல் தேடுவது அரைத் தேடல்தான்.

இன்னொரு சங்கடம் பெயர்கள். குருசடையை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்கள். காப்பாபைகஸையே பழைய கட்டுரைகள் யூக்யூமா என்ற பேரினத்தில் வைத்திருக்கும். ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "சார், இதப் பத்தி ஒண்ணுமே இல்ல" என்று வருகிற பிள்ளைகளை வருடந்தோறும் பார்க்கலாம்.

மண்டபத்தின் சொந்தக் களஞ்சியம்

சிஎம்எஃப்ஆர்ஐ என்று எல்லோரும் சொல்லும் கடல் மீன்வள நிறுவனம் 1947இல் தொடங்கியது. 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. இந்தியக் கடல் உயிரியல் சங்கமும் 1958இல் அதே மண்டபம் முகாமில்தான் பிறந்தது. அடுத்த ஆண்டே ஜர்னல் தொடங்கியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்தியாவின் கடல் அறிவியலில் பெரும்பகுதி நம் பாக் விரிகுடாத் தண்ணீரையும் மன்னார் வளைகுடாத் தண்ணீரையும் மொண்டு பார்த்து எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. அதில் அந்த நிறுவனத்து ஆட்கள் எழுதியவை அதன் 'ஈபிரின்ட்ஸ்' தளத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடக்கிறது.

ஆய்வாளர் பெயர், ஆண்டு, பொருள் என்று பிரித்துத் தேடலாம். பெரிய கட்டுரைகளைவிட எனக்குப் பிடித்தவை அங்கே உள்ள ஒரு பக்கக் குறிப்புகள். பாம்பனில் திமிங்கலம் ஒதுங்கியது, வலையில் ஆவுளியா என்ற கடற்பசு மாட்டியது, எந்த மாதம் எந்த இறங்குதளத்தில் எந்த மீன் அளவுக்கு மீறி வந்தது என்று நிறுவனத்தின் தகவல் இதழில் எழுதிவைத்திருக்கிறார்கள். நீளம், எடை, தேதி, இடம் எல்லாம் இருக்கும். ஆவுளியாவைப் பற்றி எழுதப் போகிறவருக்கு இந்தக் குறிப்புகளின் மதிப்பு தனி. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த பிறகு அந்தத் தலைப்பை எடுக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய குறிப்புகளைச் சுட்டுகிறவர்கள் குறைவு. ஸ்காலரின் முதல் பக்கத்துக்கு அவை ஏறி வருவதில்லை, அதுதான் காரணம்.

நம் கேள்வியை அங்கே போட்டால் என்ன வருகிறது? வளர்ப்பு முறை, வளர்ச்சி வேகம், வருமானம், மிதவைக் கணக்கு எல்லாம் தாராளமாக வருகிறது. பவளத்தின் மேல் படர்வது பற்றிய எதிர்த்தரப்பு அந்த அளவுக்கு வராது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நிறுவனம் தன் ஆட்கள் எழுதியதைச் சேர்த்து வைக்கும் இடம் அது. மீன்வளக் கண்ணோட்டம் தூக்கலாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். இந்தக் கரையின் அடிப்படைத் தகவலுக்கு முதல் இடம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே கிடைத்த பெயர்களையும் தலைப்புகளையும் எடுத்துக்கொண்டு அப்புறம் ஸ்காலருக்குப் போனால், அங்கேயும் தேடல் கூர்மையாகிவிடும்.

மற்ற வழிகள்

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளங்கள் இரண்டும் காசு கட்டுகிற நிறுவனத்துக்குத்தான் முழுதாகத் திறக்கும். தேர்ந்தெடுத்த ஜர்னல்கள், துல்லியமான வடிகட்டிகள், இன்று தேடியதை நாளைக்கும் அப்படியே திரும்பச் செய்து காட்டும் வசதி எல்லாம் உண்டு. முறையான தொகுப்பாய்வு எழுதுகிற பிஎச்.டி. மாணவருக்கு இது வேண்டும். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இது இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. அதுவும் நம் தலைப்புகளுக்கு ஒரு குறை இருக்கிறது: பழைய இந்திய ஜர்னல்கள் பலவும் அவற்றில் முழுமையாக இல்லை. குருசடைத் தீவின் விலங்கினங்களைத் தொகுத்து 1927இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது போன்றவற்றுக்கு அங்கே இடமே கிடையாது.

ஷோத்கங்கா வேறு மாதிரி. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இந்தியத் தீசிஸ் களஞ்சியம் அது. யார் வேண்டுமானாலும் அத்தியாயம் அத்தியாயமாக இறக்கலாம். ஜர்னல் பேப்பரில் ஆறு பக்கமாகச் சுருங்கிய வேலை, தீசிஸில் இருநூறு பக்கமாக இருக்கும். எந்த மாதம் எந்த இடத்தில் மாதிரி எடுத்தார்கள், எந்தக் கருவி, முழு அட்டவணை எல்லாம் அங்கேதான் கிடைக்கும். தரம் ஏற்ற இறக்கம்தான். இரண்டாம் அத்தியாயங்கள் சில ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்பது படித்தவுடன் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு முறைகள், முடிவுகள் அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சாட்ஜிபிடி மாதிரி செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது எல்லோர் போனிலும் இருக்கின்றன. கேள்வியைத் தெளிவாக்க, ஆங்கிலத் தேடல் சொற்களைக் கேட்டு வாங்க, கடினமான பத்தியை எளிய தமிழில் புரிந்துகொள்ள நன்றாக உதவும். கட்டுரைப் பட்டியல் கேட்டால் மட்டும் ஜாக்கிரதை. இல்லாத கட்டுரையை, உண்மையான ஆய்வாளர் பெயரும் உண்மையான ஜர்னல் பெயரும் போட்டு, நம்பும்படி கொடுக்கும். ஒவ்வொன்றின் டிஓஐ என்ற அடையாள எண்ணையும் அதற்கான தளத்தில் போட்டுத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், அல்லது வேறு கட்டுரை திறந்தால், அந்த வரியை அடித்துவிடுங்கள். வைவாவில் வெளித்தேர்வாளர் "இந்த ஏழாவது ரெஃபரன்ஸ் என்னுடைய பேப்பரா? நான் எழுதவே இல்லையே" என்று கேட்டால் எழுந்து ஓட வழி இருக்காது.

தேடியது திறக்குமா?

கண்டுபிடிப்பது ஒன்று, திறப்பது வேறு. இங்கே முடிவு செய்வது உங்கள் கல்லூரியின் வகை. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடக்கிறது. எல்சேவியர், ஸ்பிரிங்கர், வைலி உட்பட 30 பதிப்பகங்களின் கிட்டத்தட்ட 13,000 ஜர்னல்களை 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறீர்கள் என்றால் நூலகரிடம் போய் உள்நுழைவு கேளுங்கள். வளாகத்துக்கு வெளியே வீட்டிலிருந்து திறக்கவும் வழி உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் "பேப்பர் லாக் ஆகியிருக்கு சார்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் இந்த முதல் கட்டத்தில் வரவில்லை. இந்தக் கரையோரத்தில் அப்படிப் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால் இது வருத்தமான விஷயம்தான். ஆனால் நம் தலைப்புகளைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு மோசமில்லை. 'கரண்ட் சயின்ஸ்' திறந்தே இருக்கிறது. மீன்வள நிறுவனத்தின் களஞ்சியமும் ஷோத்கங்காவும் அப்படித்தான். மிச்சத்துக்கு 'அன்பேவால்' என்ற நீட்சியைக் கணினி பிரவுசரில் போட்டால், சட்டப்படி இலவசமாக எங்கே பிரதி இருக்கிறது என்று காட்டும். அதுவும் இல்லையா, கட்டுரையின் முதல் பக்கத்தில் இருக்கும் ஆய்வாளரின் மின்னஞ்சலுக்கு நாலு வரி எழுதுங்கள்: யார், எங்கே படிக்கிறேன், எந்தக் கட்டுரை, எதற்கு வேண்டும். பெரும்பாலோர் அனுப்பிவிடுவார்கள், தங்கள் பேப்பரை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தோஷம்தான். காசு கேட்கும் கட்டுரைகளை உரிமையில்லாமல் இலவசமாகத் தந்த சை-ஹப் தளத்தைப் பலரும் நம்பியிருந்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் அதை முடக்கச் சொல்லி உத்தரவிட்டுவிட்டது.

நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது

இங்கேயும் இரண்டு வழிகள் மோதுகின்றன. ஜர்னலின் முத்திரையைப் பார்த்து முடிவு செய்வது ஒன்று. கட்டுரைக்குள் இறங்கிப் பார்ப்பது இன்னொன்று. முதலாவது வேகமானது, நம் கல்லூரிகளில் அதுதான் நடைமுறை. "யுஜிசி கேர் லிஸ்ட்டில் இருக்கா?" என்பதே முதல் கேள்வியாக இருந்தது. தான் ஏற்றுக்கொண்ட ஜர்னல்களின் அந்தப் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது, இனி அந்தந்த நிறுவனமே தரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் ஸ்கோபஸில் இருந்தால் போதுமா? 2023ஆம் ஆண்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் பத்தாயிரத்தைத் தாண்டின. அதில் எட்டாயிரத்துக்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தினுடையவை. 2021இல் அதை வாங்கியது வைலி, பெரிய பெயர். அந்த ஜர்னல்கள் பலவும் பட்டியல்களில் முறையாக இடம்பெற்றவையே. வெப் ஆஃப் சயின்ஸ் அதே ஆண்டில்தான் அவற்றில் 19 ஜர்னல்களை நீக்கியது. ஆக முத்திரை ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். மோசமானதில் பாதியைத் தள்ளும், மீதியை நீங்கள்தான் தள்ள வேண்டும்.

திரும்பப் பெற்ற கட்டுரையா என்று பார்ப்பதற்கு 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தரவுத்தளம் இருக்கிறது. 2023இல் டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி இலவசமாகத் திறந்துவிட்டது. மேற்கோள் பட்டியலை முடிக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். "மதிப்பிற்குரிய பேராசிரியரே, மூன்று நாளில் பிரசுரம்" என்று எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு மெயில் அனுப்புகிற ஜர்னலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிஎச்.டி. சமர்ப்பிக்கப் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அவசரத்தில் அந்த ஆட்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இப்போது கட்டுரைக்குள். நம் கரைக்கு நான் முதலில் பார்ப்பது எந்தத் தண்ணீர், எந்த ஆண்டு என்பதைத்தான். பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா ஆழமில்லாத, கலங்கலான கடல். தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்றில் அளந்ததை மற்றொன்றுக்குத் தூக்கிப் போட முடியாது. ஆண்டு இன்னும் முக்கியம். 2016 வெப்பத்தில் மன்னார் வளைகுடாப் பவளம் வெளிறியபோது, உயிர்ப்பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக இறங்கியதாகத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் 2018இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதற்கு முந்தைய எண்ணை இன்றைய நிலை என்று சுட்டும் கட்டுரையை என்னவென்று சொல்ல? அதேபோல 2013க்குப் பிறகு காப்பாபைகஸ் வெப்பத்தில் கூட்டமாக அழிந்து, உற்பத்தி சரிந்தது. 2010 வாக்கில் எழுதிய 'ஒரு பெண்ணுக்கு மாதம் இவ்வளவு வருமானம்' கணக்கு வரலாறாக மட்டும்தான் செல்லும்.

அடுத்தது அலகு. பாசி எடையை ஈரமாகவும் சொல்வார்கள், உலர்ந்ததாகவும் சொல்வார்கள். சுமார் பத்துக்கு ஒன்று வித்தியாசம். இரண்டு கட்டுரைகளின் டன் கணக்கை ஒப்பிட்டு 'உற்பத்தி பத்து மடங்கு கூடியது' என்று எழுதுவதற்கு முன், அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்துவிடுங்கள்.

அப்புறம் யார் எழுதியது. 2005இல் 'மன்னார் வளைகுடா அந்நிய உயிரின ஆக்கிரமிப்பை நோக்கிப் போகிறதா' என்று 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை கேள்வி எழுப்பியது. அந்த டிசம்பரில் தமிழக அரசு, இந்தப் பாசியைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்கலாம் என்று ஆணை போட்டது. 2008இல் மதுரை ஆய்வாளர்கள் குருசடையில் பவளத்தின் மேல் பாசி மூடியிருந்ததை நேரில் கண்டதாக எழுதினார்கள். உப்பு ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் 2015 வாக்கில், பிய்ந்து மிதக்கும் துண்டுகள் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் மாறும்போது பிழைத்து வளருமா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்து எழுதினார்கள். பாசியைக் கொண்டுவந்ததே அந்த நிறுவனம் என்பதால் அவர்கள் எழுதியது பொய் என்று ஆகிவிடாது. எதிர்த்தரப்பு எழுதியதால் அது வேதமும் ஆகாது. ஆனால் இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதைக் கவனியுங்கள். தீவில் இருக்கிறதா என்பதற்குக் களத்தில் இறங்கிப் பார்த்ததுதான் பதில். எதிர்காலத்தில் பரவுமா என்பதற்குச் சோதனை உதவும். சுருக்கத்தை மட்டும் படிக்கிறவருக்கு இருவரும் அடித்துக்கொள்வதாகத் தோன்றும். முறைகள் பகுதியைப் படித்தால் யார் எதை அளந்தார்கள் என்று தெரிந்துவிடும். எத்தனை இடம், எத்தனை முறை, எந்தப் பருவம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வரலாறும் தொல்லியலும் படிக்கிறவர்களுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. அழகன்குளம் அகழாய்வு, பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள், சேதுபதி செப்பேடுகள் பற்றி ஸ்கோபஸில் தேடிப் பெரிதாகப் பலன் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தொல்லியல் துறை அறிக்கைகள், தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழ், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்றுதான் போக வேண்டும். கூகுள் ஸ்காலர் தமிழ்க் கட்டுரைகளைச் சரியாகப் பிடிப்பதில்லை.

கடல் தலைப்பு எடுத்தவர்களுக்கு என் தேர்வு இதுதான். மூன்று மாத எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றால் மண்டபத்து ஈபிரின்ட்ஸ் முதலில், அங்கே கிடைத்ததை வைத்து ஸ்காலரில் 'சைட்டட் பை' அடுத்து, முறைகளுக்கு ஒன்றிரண்டு ஷோத்கங்கா தீசிஸ். இதுவே போதும். பிஎச்.டி. என்றால் இதோடு ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ் திறக்கும் ஒரு நூலகத்தைக் கண்டுபிடித்து, தேடல் சொற்களையும் தேதியையும் குறித்துவைத்து முறையாகச் செய்யுங்கள். சுயநிதிக் கல்லூரியில் இருந்துகொண்டு பிஎச்.டி. பதிவு செய்கிறவர்கள், கைடு தேர்ந்தெடுக்கும்போதே அவர் பல்கலைக்கழகத்தின் நூலக உள்நுழைவு உங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பதில் வர நாளாகும்.